காரத்துக்கு ஒரு பாட்டு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
3.12.1963

அன்புள்ள தம்பி ஸெய்னுதீன் அவர்களுக்கு உங்கள் மதினி ஜெமீலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் றுக்கியாவும் சுகம். கொழும்பில் நீங்களும் உங்கள் மனைவி பரீதாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. குசினிக்குள் குடை பிடித்துக்கொண்டுதான் சமையல்.

'செம்பிறை' இதழ் நேற்றுக் கிடைத்தது. நீங்கள் அனுப்பவில்லை. றுக்கியாவின் வகுப்பில் டீச்சர் வாசித்துக் காட்டினாவாம். பிள்ளை வந்ததும் வராததுமாக, "உம்மா, வாப்பா சொல்லித் தந்த கதையெல்லாம் சாச்சாட பேரில கிடக்கு" என்று அழுதாள்.

'துறைமுகத்துச் சொற்கள்' என்ற அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு வரியும் உங்களுடையது இல்லை. சாமான் இறக்குகிறவர்களின் பேச்சு, வள்ளக்காரரின் பேச்சு, நேவி ஒபீஸில் வெள்ளைக்காரன் வாயில் உருண்டு திரிந்த தமிழ், எல்லாம் உங்கள் காக்கா, என் கணவர் அபூதாஹிர் அந்த ஒபீஸில் கிளாக்கராக இருந்த காலம் முழுக்கக் கேட்டு எழுதினவை. அவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓத நீங்கள் வந்தபோது, "காக்காட பேரில புத்தகமாப் போடுவம் மதினி" என்று சொன்னபடியால்தான் அந்தக் கடதாசிக் கட்டை உங்கள் கையில் தந்தனான்.

பேரை யாரோ மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் உங்கள் படமும் போட்டிருக்கிறது. மறதியில் படம் வராது.

அடுத்த இதழில் திருத்தம் வரவேண்டும். எழுதியவர் அபூதாஹிர் என்று ஒரே ஒரு வரி. வேறொன்றும் நான் கேட்கவில்லை. பரீதாவுக்கு என் ஸலாம்.

வஸ்ஸலாம்,
ஜெமீலா


மருதானை,
கொழும்பு.
29.12.1963

மதிப்புக்குரிய மதினிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் சுகம். பரீதாவுக்குத் தடிமன், வேறொன்றுமில்லை. கல்லூரியில் விடுமுறை என்றபடியால் ஆறுதலாக எழுத நேரம் கிடைத்தது.

இலக்கியம் என்பது நீங்கள் நினைப்பதுபோல் காணி உறுதி அல்ல, இது இன்னாருடையது என்று எல்லைக்கல் போடுவதற்கு. யார் பேரில் வந்தால் என்ன, நம் குடும்பத்துக்குத்தானே பெருமை? காக்கா இருந்திருந்தால் என் தோளில் தட்டியிருப்பார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிச் சில மயக்கங்கள் வருவதுண்டு. நான் மனதில் வைக்கவில்லை.

ஒரு உதவி வேண்டும். வருகிற மீலாத் விழாவுக்கு உங்கள் ஊரார் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். பொருள் 'காரம்'. நாங்கள் உறைப்பு என்கிறோம், இந்தியாக்காரர் காரம் என்கிறார்கள். அரபியில் சூட்டுக்கும் உறைப்புக்கும் 'ஹார்ர்' என்று பெயர். ஆகவே காரம் என்ற சொல் அரபுக் கப்பலில் வந்தது என்பது என் துணிபு. அதை நிறுவிவிட்டால் இந்தியாவிலும் என் பேச்சு அடிபடும். ஆதாரம் ஒன்றுதான் இல்லை. மூதூர்ப் பக்கத்துப் பெண்களின் வாயில் பழைய கவிகள் இருக்குமே. ஏதும் அகப்பட்டால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஸெய்னுதீன்


திருகோணமலை.
8.1.1964

தம்பிக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். பரீதாவின் தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுங்கள்.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். அந்த ஒரு வரி அதற்குள் இல்லை. துக்கத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்கலாம், எழுத்துத் தெரியாமல் போகவில்லை.

காரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அவர் பெயரைப் போடுங்கள். பிறகு கதைப்போம்.

ஜெமீலா


கொழும்பு.
20.2.1964

மதினி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? றுக்கியாவுக்குச் சட்டைத்துணி அனுப்பிவைக்கப் பரீதா நினைத்தாள், வேலைகளுக்குள் மறந்துவிட்டாள்.

உங்கள் கடிதம் கொஞ்சம் உறைப்புத்தான். ஆனபடியால் நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். காக்கா பொழுதுபோகாமல் கிறுக்கி வைத்த துண்டுகள் சில என்னிடம் இருந்தது உண்மை. வீடு மாறும்போது அவற்றைக் குப்பையோடு குப்பையாக எரித்துவிட்டோம். கட்டுரை என் உழைப்பு. கிளாக்கர் ஒருவர் சொல்லாராய்ச்சி செய்தார் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பிலிருந்து காக்காவைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

'துறைமுகத்துச் சொற்கள்' வருகிற வருடத்துக்குள் நூலாகவே வருகிறது. மரியாதையான குடும்பத்து விதவை, பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர், பத்திரிகை விசயத்தில் சண்டை பிடிக்கிறா என்று ஊரில் கதை வந்தால் எனக்குத்தான் வெட்கம். பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

ஸெய்னுதீன்


திருகோணமலை.
26.4.1964

அன்பும் அறிவும் நிறைந்த தம்பி ஸெய்னுதீன் அவர்களுக்கு, மதினியின் ஸலாமும் ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்தும்.

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாக யோசித்துப் பார்த்தேன். எரிந்துபோன கடதாசியை வைத்துக்கொண்டு உங்களோடு மல்லுக்கட்டி எனக்கு என்ன வரப்போகிறது? நீங்கள் படித்தவர். உங்கள் வேலைக்கு என்னால் ஆனதைச் செய்வதுதான் முறை.

சொல்லுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் மீன்கறி ஆணம் நாக்கைப் பிடித்தால் உறைப்பு என்போம். இஞ்சியும் உள்ளியும் தொண்டையில் ஏறினால் காரம் என்போம். மிளகுத் தண்ணீருக்கு இரண்டும் சொல்லலாம். உறைப்பு என்றால் அழுத்தி நிற்பது. "சொன்னது புத்தியில உறைச்சதா?" என்று வகுப்பில் நான் கேட்பதும் அந்தச் சொல்தான். காரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் போன மாதம் ஒரு கலியாணத்துக்கென்று லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனேன். அங்கே ஆமினா உம்மா என்ற மனிசி ஒரு கவி படித்தா. உங்கள் நினைவு வந்தது. எழுதிக்கொண்டு வந்தேன்.

ஹார்ரென்று சொன்னாரே மக்கத்தார் – எங்கள்
ஆணத்தை வாயில்வைத்த போது
காரென்று நாம்சொன்னோம் மூதூரார் – கொச்சிக்
காயரைத்த அம்மியின் மீது

உங்களுக்குப் பயன்படுமோ தெரியாது. பயன்படாவிட்டால் எறிந்துவிடுங்கள். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் நன்மை நாடும்,
ஜெமீலா


கொழும்பு.
5.5.1964

என் அன்பு மதினி!

எறிவதா? என்ன கதை இது! நீங்கள் அனுப்பிய பாட்டைக் கண்டதும் எனக்குத் தலை கால் தெரியவில்லை. பரீதாவைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஹார்ர், கார்! மக்கத்தார் சொன்னதை மூதூரார் பிடித்துக்கொண்டார்கள் என்று பாட்டே சாட்சி சொல்கிறதே! நான் தேடியது இதைத்தான், இதைவிட ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரே ஒரு விசயம். பாட்டு எந்தக் காலத்தது? பழசு என்று காட்ட ஏலாவிட்டால் வடநாட்டுக்காரர் சமஸ்கிருதத்தை இழுத்துக்கொண்டு வருவார்கள். அந்த மனிசியிடம் விசாரித்து உடனே எழுதுங்கள். அரபுக் கப்பல் வந்த காலம் என்றால் என் வாயில் சீனி.

றுக்கியாவுக்கு என் முத்தங்கள். சட்டைத்துணி இந்த முறை நிச்சயம்.

உங்கள் ஸெய்னுதீன்


திருகோணமலை.
21.5.1964

அன்புள்ள தம்பிக்கு ஸலாம். சுகமே இருக்க அதுவே வேண்டல். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. வீடெல்லாம் புழுதி.

நீங்கள் கேட்டதை விசாரித்தேன். கொட்டியாற்றுக் குடாவுக்கு அரபுக் கப்பல்கள் வந்துபோன காலத்துப் பாட்டாம். போர்த்துக்கேயப் பறங்கி இந்தக் கரையில் கால் வைப்பதற்கு வெகு முன்னம். தாய் மகளுக்குச் சொல்லி, மகள் தன் மகளுக்குச் சொல்லி வந்ததாம்.

என் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு சின்ன விண்ணப்பம். மேடையில் ஏறினதும், "இந்த ஊரில் இருந்து சொற்களைச் சேர்த்தவர் என் காக்கா அபூதாஹிர்" என்று ஒரு வாய்ச்சொல் சொல்லிவிடுங்கள். எழுத்தில் வேண்டாம், அச்சில் வேண்டாம். அவரைத் தெரிந்த சனம் சபையில் இருக்கும், அவர்கள் காதில் விழுந்தால் போதும். றுக்கியாவும் கேட்பாள். சொல்வதாக இருந்தால் விழாவுக்கு முன்னம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது, அதை அப்போது சொல்கிறேன்.

இந்த விண்ணப்பத்தைத் தட்டாதீர்கள் தம்பி. உண்மையாகக் கேட்கிறேன்.

ஜெமீலா


கொழும்பு.
2.7.1964

மதினிக்கு ஸலாம். எல்லோரும் நலம்.

கட்டுரை முடிந்துவிட்டது. பாட்டைப் பற்றி எனக்குத் தேவையானது எல்லாம் கையில் இருக்கிறது, மேற்கொண்டு சிரமப்பட வேண்டாம். விழாவுக்கு வெளியூர்களிலிருந்தும் அறிஞர்கள் வருகிறார்கள். வீட்டுத் துக்கத்தை இறக்கிவைக்க மேடை இடமல்ல என்பதை உங்களைப்போன்ற ஒரு டீச்சருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விழா முடிந்து உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கு வயிற்றில் புண், கொச்சிக்காய் உறைப்பைக் குறைத்துச் சமையுங்கள்.

ஸெய்னுதீன்


திருகோணமலை.
27.7.1964

தம்பி ஸெய்னுதீன் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தீர்களா? சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டீர்கள். உங்களுக்கென்று உறைப்பில்லாமல் ஆணம் காய்ச்சி வைத்திருந்தேன். நானும் றுக்கியாவும் அன்றைக்கு வயிறார அதைச் சாப்பிட்டோம்.

பெண்கள் பக்கத்துக்குக் கட்டியிருந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால், முதல் வரிசையில் இருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அபூதாஹிர் என்ற பெயரை நீங்கள் ஒருதரம் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன், அல்லாஹ் அறிய. நீங்கள் சொல்லவில்லை. பாட்டை ராகம் போட்டுப் பாடினீர்கள். "எழுநூறு வருசத்துப் பாட்டு! பறங்கி வர முந்தி எங்கட பெண்கள் அம்மியில அரைச்சுப் பாடின பாட்டு!" என்று மேசையில் தட்டினீர்கள். சபை கைதட்டி ஓய்ந்த பிறகுதான் எழும்பினேன்.

"சேர், ஒரு சின்னச் சந்தேகம். கொச்சிக்காயைப் பறங்கிதானே கப்பலில கொண்டுவந்தவன்? அவன் வர முந்தி மூதூர் அம்மியில அது எப்படிக் கிடந்தது?"

என் குரல் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. திரைக்கு மேலால் உங்கள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் கேட்டீர்கள். விருந்தாளியாக வந்திருந்த இக்னேசியஸ் மாஸ்டர்தான் முதலில் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. பலசரக்குக் கடை ஆதம்பாவா எழும்பி, "அரபிக்காரன் கொண்டுவந்திருந்தா விலையாவது கொஞ்சம் குறைஞ்சிருக்கும் சேர்" என்றார். அதற்குப் பிறகு உங்களைப் பேச விட்டார்களா?

பாட்டைக் கட்டியவள் நான். ஆமினா உம்மா என்று ஒரு மனிசி இல்லை. நீங்கள் குப்பை என்று எழுதிய அந்தக் கடிதத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டு, பங்குனி முழுக்க உட்கார்ந்து கட்டினேன். கொச்சிக்காய் வர முந்தி இந்த நாட்டில் மிளகுதான் உறைப்பு. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்றபடியால் மிளகாய். கொச்சிக் கரையில் இருந்து வந்தபடியால் அதுவே கொச்சிக்காய். பறங்கியோடு வந்த சாமான் அது. இதெல்லாம் உங்கள் காக்கா 'உறைப்பு' என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்திருந்தார். களவெடுத்ததை வாசித்துவிட்டாவது எரித்திருக்கலாம்.

நான் கவலைப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் மௌத்தான பிறகு இப்படி நிம்மதியாக நான் நித்திரை கொண்டதில்லை.

பரீதாவுக்கு ஸலாம்.

ஜெமீலா


கொழும்பு.
20.8.1964

மதினி அவர்களுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நானும் குடும்பமும் நலம். நீங்களும் றுக்கியாவும் நலமென நம்புகிறேன்.

விழாவைப் பற்றி இங்கேயும் கதை பரவிவிட்டது. கல்லூரியில் பொடியன்கள் கரும்பலகையில் அம்மி கீறி வைக்கிறார்கள். ஒரு விளக்கம் கொடுக்கவேண்டிய கட்டாயம். போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள், எழுதுகிறேன்:

'மீலாத் விழாவில் நான் வாசித்த கட்டுரையும் அதிலுள்ள பாட்டும் என்னுடையவை அல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து காலமான என் மூத்த சகோதரர் அபூதாஹிர் எழுதி வைத்தவை. சகோதர பாசம் காரணமாக நான் அவற்றைச் சோதிக்கவில்லை. போதிய படிப்பில்லாத அன்னாரின் கற்பனைக்காக வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

நீங்கள் கேட்டது ஒரு வரி. நான் நாலு வரி போட்டிருக்கிறேன். பெயரும் முழுதாக, எழுத்துப் பிழையில்லாமல் வந்திருக்கிறது.

இது பொய் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பாட்டைக் கட்டியது யார் என்று அப்போது நீங்கள்தான் சொல்லவேண்டி வரும். பள்ளிக்கூட நிர்வாகம் என்ன நினைக்கும் என்று ஒருதரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

துஆவுடன்,
ஸெய்னுதீன்


திருகோணமலை.
30.8.1964

ஸெய்னுதீன்,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

பத்திரிகை உம்முடைய கடிதத்துக்கு முன்னமே இங்கே வந்துவிட்டது. ஆதம்பாவாவின் கடைக்குப் போனேன். "அபூதாஹிர் கிளாக்கர் நல்ல மனிசன் எண்டுதானே இருந்தம், இப்படிக் கட்டுக்கதை எழுதி வச்சிருக்கிறாரே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். மண்டபத்தில் உமக்குச் சிரித்த அதே சனம் இப்போது அவருக்குச் சிரிக்கிறது. றுக்கியா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நிற்கிறாள். வாப்பா பொய்யரா என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நேற்றே பத்திரிகைக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பாட்டைக் கட்டியவள் நான், வேண்டுமென்றே பொய்யாகக் கட்டினேன், என் கணவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதி என் முழுப்பெயரையும் பள்ளிக்கூடத்தையும் போட்டேன். நான் அனுப்பிய பாட்டு என்று நீர் குதித்து எழுதின மே மாதக் கடிதத்தையும் சேர்த்து வைத்தேன். உமக்கும் கொஞ்சம் உறைக்கட்டும். நிர்வாகத்துக்கு இன்று காலை நானே போய்ச் சொன்னேன். திங்கட்கிழமையில் இருந்து வர வேண்டாம் என்றார்கள்.

உம்மைச் சபையில் தலைகுனிய வைத்ததற்கு இப்போதும் எனக்கு வருத்தமில்லை. இன்னொருதரம் கிடைத்தாலும் செய்வேன். ஆனால் உம்மை அடிக்க ஓங்கின கை அவர் மேல் விழுந்துவிட்டது. அவர் பெயரைப் போடு என்று ஒன்பது மாதமாகக் கேட்ட நானே, அவர் பெயரை எடு என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். பொய்ப்பாட்டுக் கட்டினவள் என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, 'துறைமுகத்துச் சொற்கள்' அவர் எழுதினது என்று நான் குர்ஆனில் கை வைத்துச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? கடதாசியும் இல்லை, என் வாய்க்கு மரியாதையும் இல்லை.

புத்தகத்தை உம்முடைய பேரிலேயே போடும். தடுக்க இனி ஆள் இல்லை.

ஜெமீலா அபூதாஹிர்